கையெழுத்தைக் கேட்பவர்கள் பொறுப்பைக் கேட்பதில்லை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும் குடும்ப நல இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கிராம சுகாதார செவிலியராகப் பணியில் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வுபெற்றவள் நான். கருத்தடை, கருக்கலைப்பு ஆகிய இரண்டிலும் நம் மருத்துவமனைகளில் வேரூன்றிவிட்ட ஒரு தலைகீழ் வழக்கத்தைப் பற்றித் தங்களிடம் முறையிடவே இம்மடலை எழுதுகிறேன். சட்டம் கேட்காத இடத்தில் கணவனின் கையெழுத்தைக் கேட்கிறோம்; கருத்தடையில் அவனுக்கு உரிய பங்கை மட்டும் எந்த இடத்திலும் கேட்பதில்லை.

2019-21 இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட கணவன்மாரின் அளவு 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டிலோ பெண்களின் அளவு 58 விழுக்காட்டை நெருங்குகிறது. ஆண்களின் அளவு தேசியச் சராசரியைக்கூட எட்டவில்லை. குழந்தைப்பேற்று விகிதத்தைக் குறைத்ததில் நாட்டுக்கே முன்னோடி என்று நாம் பெருமை கொள்கிறோம். அந்தப் பெருமையில் பெரும்பகுதி பெண்களின் அடிவயிற்றுத் தழும்புகளால் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஆண்களின் மனப்போக்கை மட்டும் காரணம் காட்டுவது துறைக்கு வசதியானது. ஆனால் அது பாதி உண்மைதான். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. இரண்டாவது குழந்தை பிறந்த மறுநாளோ, சிசேரியன் என்றால் அதே மேசையிலோ, தாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை முடிந்துவிடுகிறது. படுக்கையில் இருப்பவள் அவள். வார்டுக்கு வெளியே நிற்பவன் அவன். கருவுற்றதைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குவது முதல் தடுப்பூசி அட்டை வரை எங்கள் பதிவேடுகளில் வருவது அவள் பெயர்தான்; அவன் பெயர் ‘கணவர்’ என்ற கட்டத்தோடு நின்றுவிடும். வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியரும் பெண். அவர் போகிற நேரத்தில் ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஆணைச் சந்திக்கவே சந்திக்காத ஒரு திட்டத்தை வகுத்து வைத்துக்கொண்டு, ஆண்கள் முன்வருவதில்லை என்று ஆண்டறிக்கையில் எழுதுவதில் பொருளில்லை.

மருத்துவம் சொல்வதோ இதற்கு நேர்மாறானது. பெண்ணுக்கான அறுவை சிகிச்சையில் வயிற்றைத் திறந்து கருக்குழாயை அடைய வேண்டும். மயக்க மருந்து, உள்ளுறுப்புக் காயம், தொற்று என்று ஒவ்வொரு படியிலும் ஆபத்து உண்டு. ஆணுக்கான என்.எஸ்.வி. (கத்தியில்லா வாசக்டமி, அதாவது ஆண் கருத்தடை சிகிச்சை) முறையில் கத்தி இல்லை, தையல் இல்லை. விதைப்பைத் தோலை மரத்துப்போகச் செய்து, சிறு துளையிட்டு விந்துக்குழாயைக் கட்டுவதற்கு இருபது நிமிடம் போதும். சீனாவில் 1970-களில் உருவான இம்முறை இந்தியாவுக்கு 1990-களிலேயே வந்துவிட்டது. தோல்வி விகிதத்திலும் ஆண் சிகிச்சையே மேலானது. மூன்று மாதம் வரை ஆணுறையைப் பயன்படுத்தி, அதன்பின் விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் அதிலுள்ள கூடுதல் கடமை. எளிதானதையும் பாதுகாப்பானதையும் ஒதுக்கிவிட்டுக் கடினமானதையே வழக்கமாக்கிக்கொண்ட வேறொரு துறை மருத்துவத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

வீடுகளில் இதைச் சொன்னால் வரும் பதில்கள் எங்களுக்கு மனப்பாடம். “அவரு மூட்டை தூக்குறவரு, பலம் போயிடும்” என்பார் மாமியார். “எனக்கே பண்ணிவிடுங்க சிஸ்டர், அவரை விட்டுடுங்க” என்பார் மனைவி. கணவன் பெரும்பாலும் எதுவும் சொல்லமாட்டான். பலம் போய்விடும் என்ற அச்சத்துக்கு உடலியலில் அடிப்படை கிடையாது. விந்தணுக்கள் விந்துத் திரவத்தில் மிகச் சிறு பகுதியே. ஆண்மைச் சுரப்பு இரத்தத்தில் கலப்பதேயன்றி விந்துக்குழாய் வழியே போவதில்லை. உடலுறவு, உழைப்பு இரண்டிலும் மாற்றம் வருவதில்லை. எனக்கு இன்றும் புரியாதது அச்சத்தின் கணக்குதான். அவன் மூட்டை தூக்குவது எல்லோருக்கும் தெரிகிறது. வயிற்றில் தையலோடு பத்தாம் நாளே தண்ணீர்க் குடம் தூக்குகிறவளின் பலத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அரசு தரும் ஈட்டுத்தொகையிலும் இதே கணக்குதான்: கூலி இழப்புக்காக ஆணுக்குக் கூடுதலாகவும், அவனைவிட அதிக நாள் ஓய்வு தேவைப்படுகிற பெண்ணுக்குக் குறைவாகவும் தருகிறோம். மேலே சொன்ன தேசியக் குடும்ப நல ஆய்வில், கருத்தடை பெண்களின் விவகாரம், ஆண்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று நாடு முழுவதும் ஏறத்தாழ 35 விழுக்காட்டு ஆண்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாம் நடத்தும் திட்டத்தைப் பார்த்தே அவர்கள் அப்படிக் கற்றுக்கொண்டார்களோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்நிலை தொன்றுதொட்டு வந்ததுமன்று. இந்தியா 1952 இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபின், அறுவை சிகிச்சைக்குப் பணம் தரும் முறையை 1950-களின் பிற்பகுதியில் முதலில் கொண்டுவந்தது அன்றைய மதராஸ் அரசு. தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசுவாமி அதை முன்னின்று நடத்தினார். 1960-களில் நாட்டில் கருத்தடை சிகிச்சை செய்துகொண்டோரில் பெரும்பாலோர் ஆண்களே. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77 இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை. அவர்களில் முக்கால் பங்கினர் ஆண்கள். கட்டாயப்படுத்திப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அது மாபெரும் அநீதி என்பதில் ஐயமில்லை. 1977 தேர்தலில் அதற்கான தண்டனையும் கிடைத்தது. ஆனால் அதிலிருந்து அரசுகள் கற்ற பாடத்தைக் கவனியுங்கள். கட்டாயம் கூடாது என்பதைவிட, ஆண்களைத் தொடக்கூடாது என்பதையே அவை உறுதியாகப் பிடித்துக்கொண்டன. துறையின் பெயர் ‘குடும்ப நலம்’ என்று மாறியது. இலக்கும் முகாமும் பெண்களின் பக்கம் திரும்பின. இலக்கு முறை 1996 இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பின்னும், ‘எதிர்பார்க்கும் அளவு’ என்ற பெயரில் அது எங்களைத் துரத்தியதைத் தாங்கள் அறிவீர்கள்.

அதன் விலையை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் பார்த்தோம். ஒரே முகாமில், ஒரே நாளில் 83 பெண்களுக்கு அவசர அவசரமாக அறுவை சிகிச்சை செய்யப்பட்டு, பலர் உயிரிழந்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்றது.

இனிக் கருக்கலைப்புக்கு வருகிறேன். 1971 ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்த, மனநலம் உடைய பெண்ணின் ஒப்புதல் மட்டுமே தேவை. கணவன், தந்தை, மாமியார் எவருடைய ஒப்புதலையும் அச்சட்டம் கேட்கவில்லை. மனைவி தன் ஒப்புதலின்றிக் கருக்கலைப்புச் செய்துகொண்டதாகக் கணவர் ஒருவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கை உச்ச நீதிமன்றம் 2017 இல் தள்ளுபடி செய்தது. 2022 செப்டம்பர் 29 அன்று வந்த தீர்ப்பில், மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான உரிமை உண்டு என்றதோடு, குடும்பத்தாரின் ஒப்புதல் போன்ற சட்டத்துக்குப் புறம்பான நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கலாகாது என்றும் அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தனைக்குப் பிறகும் “வீட்டுக்காரரை அழைச்சிட்டு வாம்மா” என்பதுதான் பல மருத்துவமனைகளில் முதல் வாக்கியம். குடித்துவிட்டு அடிக்கிறவனின், வெளியூரில் வேலை செய்கிறவனின், விட்டுவிட்டுப் போனவனின் கையெழுத்துக்காக அலைகையில் வாரங்கள் கடக்கின்றன. தொடக்கத்தில் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது பின்னர் அறுவைக்குப் போகிறது. சிலர் யாரோ கொடுக்கும் மாத்திரையைத் தாமாகவே விழுங்கிவிட்டு இரத்தப்போக்கோடு வருகிறார்கள். இன்னொரு வழக்கமும் இருக்கிறது: கலைக்க வேண்டுமானால் கூடவே ஆபரேஷனும் செய்துகொள், இல்லையேல் காப்பர்-டி போட்டுக்கொள் என்ற நிபந்தனை. கருத்தடையை ஏற்பதைக் கருக்கலைப்புக்கு முன்நிபந்தனை ஆக்கக்கூடாது என்று அரசின் வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன. அப்படி நிபந்தனை போடும் எவரும், “உன் கணவர் வாசக்டமி செய்துகொள்ளட்டும்” என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பொறுப்பில் ஆணுக்குப் பங்கு வேண்டும் என்றால் முடிவிலும் பங்கு தரவேண்டாமா என்று என்னிடம் மருத்துவர்களே கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுபோல் தோன்றுவதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கரு உருவாவதற்கு முன்பு இருவர் உடலும் சம்பந்தப்பட்டவை. இருவராலும் தடுக்க முடியும். ஆகவே அங்கே கடமை இருவருக்கும் சரிபாதி. கரு உருவானபின் அதைச் சுமக்கும் உடல் ஒன்றுதான். இரத்தச் சோகையும் பிரசவ ஆபத்தும் அந்த ஓர் உடலுக்கே. ஆகவே இறுதி முடிவு அந்த உடலுக்கு உரியவளுடையது. கணவனும் மனைவியும் கலந்து பேசி முடிவெடுப்பது நல்ல இல்லறம். பெரும்பாலான பெண்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் பேச்சு வேறு, தடையதிகாரம் வேறு. கையெழுத்து கேட்கும் மருத்துவமனை, பேச வேண்டியவனுக்குத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது. முடிவை அவளிடம் விட்டபின்னும் ஆணுக்குச் செய்வதற்கு நிறைய இருக்கிறது: மருத்துவமனைக்கு உடன்வருவது, செலவை ஏற்பது, மாத்திரை உட்கொண்ட நாட்களில் வீட்டிலிருந்து மற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, அடுத்த கருவைத் தடுக்கும் முறையைத் தானே ஏற்பது. 2021 ஆம் ஆண்டுத் திருத்தம், பெண்ணோ அவளுடைய துணையோ பயன்படுத்திய கருத்தடை முறை தவறினால் அதைக் கருக்கலைப்புக்கான காரணமாக ஏற்கிறது. ஆணும் கருத்தடை செய்கிறவன் என்பதைச் சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது. நடைமுறைதான் பின்தங்கி நிற்கிறது.

பெண்ணின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் செலவுக்காகவும் மட்டுமன்றி, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வாதிட்ட மண் இது. அந்த வாதத்தை வைத்துக்கொண்டு, கருத்தடையையே பெண்ணின் இன்னொரு வீட்டுவேலையாக நாம் மாற்றியிருப்பது விந்தைதான்.

நான் கேட்பவை புதிய செலவு அதிகம் பிடிக்காதவை. முதலாவதாக, கருக்கலைப்புக்கும் பெண் கருத்தடைக்கும் கணவனின் கையெழுத்து தேவையில்லை என்பதைத் தனிச் சுற்றறிக்கையாக வெளியிட்டு, அதைப் புறநோயாளிகள் பிரிவின் சுவரில் தமிழில் ஒட்டச் செய்யுங்கள். வாசக்டமி பற்றிப் பேசும் வேலையைச் செவிலியர்களின் தலையிலேயே கட்டாமல், ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே பணியாற்றும் சுகாதார ஆய்வாளர்களிடம் ஒப்படையுங்கள். கொசுப்புழு ஒழிப்புக்காகத் தெருத்தெருவாகப் போகிற அவர்களால் ஆட்டோ நிறுத்தத்திலும் ஆலை வாசலிலும் ஆண்களோடு ஆண்களாகப் பேச முடியும். கர்ப்பிணியின் ஏழாம் மாதப் பரிசோதனைக்குக் கணவனையும் வரச்சொல்லி, ஆண் முறைகளை இருவருக்கும் சேர்த்தே விளக்கலாம். ஆனால் அவன் வர இயலவில்லை என்பதற்காக அவளுக்குச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை நடக்கும் ஆண் கருத்தடை இருவார விழா பதாகையோடும் பேரணியோடும் முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் விரும்பி வருகிறவனை, பயிற்சி பெற்ற மருத்துவர் இங்கு இல்லை என்று திருப்பி அனுப்புகிறோம். வட்டாரத்துக்கு ஒருவரேனும் என்.எஸ்.வி. பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஆனால் நெருக்கடி நிலையின் நிழல் படியாமல் பார்த்துக்கொள்வதும் தங்கள் கடமை: ஆணுக்கும் இலக்கு வேண்டாம், வற்புறுத்தலும் வேண்டாம்.

கடைசியாக, 1992 இல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றி. பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும் என்பதே அதன் விதி. தந்தை செய்துகொண்டாலும் உதவி கிடைக்கும். இதை விண்ணப்பிக்க வரும் குடும்பங்களில் பெரும்பாலோர் அறியமாட்டார்கள். அலுவலகத்தில் எவரும் சொல்வதுமில்லை. சமூக நலத்துறையுடன் பேசி, விண்ணப்பம் கொடுக்கும் இடத்திலேயே இந்த விதியை எடுத்துச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அத்துடன் அடுத்த மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில், கருத்தடை சிகிச்சை செய்துகொண்ட ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் மாவட்டவாரியாகத் தனித்தனியே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர் ஒருவர்