காபி விஷயத்தில் நான் சொன்னது பொய்

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீ, உமா, கதிர் மூவரும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்பாள். அதனால் கடைப் பேரேட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து எழுதுகிறேன். நீ பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. வேலை இருக்கும்.

விஷயம் காபித்தூள்தான். வேறு ஒன்றும் இல்லை.

கதிரின் பள்ளிக்கூடப் புராஜெக்டுக்காக என் கண்ணில் துண்டைக் கட்டி உட்கார வைத்தீர்களே, ஊர் வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விலை கூடின பொருளுக்கும் குறைந்த பொருளுக்கும் ருசியில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கிண்ணம். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. இரண்டே கிண்ணம் வைத்தால் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதிக்குப் பாதி சரியாகிவிடும், மூன்று வைத்தால் மூன்றில் ஒன்றுதான் அப்படி அமையும் என்று அவனுடைய மிஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். கெட்டிக்கார மிஸ்.

முப்பத்தெட்டு வருஷம் மளிகைக்கடை வைத்தவன் நான். உப்பில் தோற்றேன். சர்க்கரையில் தோற்றேன். அப்பளத்தைக் கடித்து எந்த எண்ணெய் என்று சொல்லச் சொன்னான், அதிலும் தோற்றேன். அதற்கு வெட்கமே இல்லை. ரீஃபைண்ட் எண்ணெயை வெளுக்க வைத்து, நீராவி விட்டு வாசனையை எடுத்த பிறகுதான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். அதில் எந்தக் கம்பெனியின் ருசியைத் தேடுவது? செக்கு நல்லெண்ணெயை வைத்திருந்தால் மூக்கே சொல்லியிருக்கும்.

பருப்பும் அப்படித்தான். துவரை குல்பர்காவிலிருந்து வரும், லாத்தூரிலிருந்து வரும், பர்மாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வரும். விருதுநகரில் ஒரு மில்லில் ஒரே குவியலிலிருந்து ஒரு பங்கு எனக்குச் சாக்கில் வந்ததையும், இன்னொரு பங்கு படம் போட்ட பாக்கெட்டில் ஏறியதையும் கண்ணால் பார்த்தவன் நான். 2017-இல் பிராண்டு பதிந்த பாக்கெட்டுக்கு மட்டும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றார்கள். வரியே வேண்டாம் என்று பேரை விட்டுக்கொடுத்த ஆட்களும் உண்டு. 2022 ஜூலையிலிருந்து பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 25 கிலோ வரை எடை அச்சடித்த பாக்கெட் என்றால் வரி. சாக்கைப் பிரித்து நிறுத்துக் கொடுத்தால் கிடையாது. பருப்புக்கு இதெல்லாம் தெரியுமா? அது பழசா புதுசா, வேகவைத்த தண்ணீர் உப்பா நல்லதா, அவ்வளவுதான் கணக்கு.

கதிர் கண்ணைத் திறந்துகொண்டு தின்றபோது படம் போட்ட பிஸ்கட்தான் ருசி என்றான். துண்டைக் கட்டியதும் மாற்றிச் சொன்னான். அமெரிக்காவிலும் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களாம், அக்கா மகள் போனில் காட்டினாள். 2007-இல் ஸ்டான்ஃபோர்டு ஆட்கள், 3 முதல் 5 வயது வரை 63 பிள்ளைகளை வைத்து. ஒரே சாப்பாட்டை வெறும் தாளிலும் மெக்டொனால்ட்ஸ் தாளிலும் சுற்றிக் கொடுத்தால், பேர் போட்டதே ருசி என்று நிறையப் பிள்ளைகள் சொன்னார்களாம். கேரட்டுக்குக்கூட. கேரட்டை அப்போது அந்தக் கடையில் விற்றதே இல்லையாம்.

ஆகையால் உன் வீட்டு அலமாரியில் சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பேர் பாக்கெட்டுகளாக அடுக்கியிருந்ததை நான் குறை சொல்லவில்லை. அதுதான் புத்திசாலித்தனம். நான் அலமாரியை நோட்டம் விடவும் இல்லை. கடைக்காரன் கண், தானாகப் போகும். உப்பு மாற்று, சர்க்கரை மாற்று, பருப்பு மாற்று, எண்ணெய் மாற்று. காபித்தூளை மட்டும் மாற்றாதே.

பாக்கெட்டின் பின்பக்கம் படித்தேன். காபி 53, சிக்கரி 47. சட்டப்படி காபி 51-க்குக் குறையக் கூடாது, அந்தக் கோட்டுக்கு இரண்டு படி மேலே நிற்கிறது. திருட்டுச் சரக்கு இல்லை, எழுதித்தான் விற்கிறார்கள். ஆனால் போன தீபாவளிக்கு நாங்கள் வந்தபோது உன் வீட்டில் பீபெரி என்கிற உருண்டைக் கொட்டைத் தூள், காபி 80, சிக்கரி 20. சிக்கரி கூடினால் டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும்; பார்க்க அழகு. வாயில் வைத்தால் கருகின வெல்லம் மாதிரி ஒரு இனிப்பும் கசப்பும் நாக்கின் அடியில் தங்கும். காபி மணம் டம்ளர் வாயோடு நின்றுவிடும், மூக்குக்கு ஏறாது. சிக்கரி ஒரு கிழங்கு. குஜராத்தில் விளைகிறது. அதைக் குடித்துக் கெட்டுப்போனவர் யாரும் இல்லை. இருந்தாலும் மாற்றாதே.

பெரியத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மேலத்தெரு வீட்டு வழக்கு அப்படியே கிடக்கிறது. அப்புறம், காபித்தூள்.

கடைசியாக மூன்று டம்ளர் வைத்தான். இரண்டில் உங்கள் வீட்டுத் தூள், ஒன்றில் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டிவீரன்பட்டிக் கொட்டை. "எது தாத்தா வேற?" என்றான். நீ சமையலறை வாசலில் நின்றிருந்தாய். கண் கட்டியிருந்தாலும் உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். "எல்லாம் ஒன்னுதானேப்பா, ஒன்னும் தெரியலல்ல?" என்று கேட்டாய். நான் "ஆமா, ஒன்னுதான்" என்றேன். கதிர் நோட்டில் தப்பு போட்டான்.

நடுவில் இருந்த டம்ளர்தான் வேறு. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது.

கார் எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரமும் சர்வீஸில் இருந்திருக்கும். காலை பதினொரு மணிக்கு நீ மொட்டை மாடியில் தனியாக நடந்ததையும் கேட்கவில்லை. அம்மா இன்னும் தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, இந்தத் தெருவிலேயே முதல் எஞ்சினியர் என் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும், உண்மைதானே. பேங்க் கடன் ஒரு ரூபாய் வாங்காமல் உன்னைப் படிக்க வைத்தேன் என்று நானும் சொல்லாத இடம் இல்லை. ஆனால் பெற்றவனுக்குத் தெரியாமல் வைப்பதற்கு அப்படி என்னடா இருக்கிறது என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்க எனக்கு வாய் இல்லை. டீத்தூள் விஷயம் நினைவு வந்துவிட்டது.

உனக்கும் நினைவிருக்கும். 1994. நீ நாலாம் வகுப்பு. சீட்டுக்காரன் ஓடிப்போன வருஷம். நம் பணம் அதில் எவ்வளவு போனது என்று ஏழு மாசம் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. சில்லறைக்கு நிறுத்துக் கொடுக்கும் கம்பெனி டீத்தூள் டப்பாவில், விலை குறைந்த தோட்டத் தூளைச் சரிபாதி கலந்தேன். ராத்திரி கடை சாத்திவிட்டு, தினத்தாளை விரித்து, கையாலேயே. நீ பக்கத்தில் பொட்டலத்துக்குக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாய். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. ஜனங்களுக்கு டப்பாதான் ருசி என்று மனசுக்குள் சிரித்தேன்.

டீச்சரம்மா மட்டும் வந்து கேட்டார். "அண்ணாச்சி, இப்ப டீ சப்புன்னு இருக்கே, தூள் மாறிப்போச்சா?" நான் அதே தூள்தான் என்று சத்தியம் செய்தேன். அதோடு விடாமல், "நீயே சொல்லுடா" என்று உன்னைச் சாட்சிக்கு இழுத்தேன். "நீங்கதானேப்பா ரெண்டையும் கலந்தீங்க" என்றாய். அறைந்தேன். அந்த அம்மா முன்னாலேயே. உன் காதுக்குப் பக்கத்தில் விரல் பதிந்திருந்தது. அப்புறம் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "இல்ல டீச்சர், கம்பெனி தூள்தான்."

அவர் மறுபடி கேட்கவில்லை. தன் நாக்குதான் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். காய்ச்சல் வந்து எழுந்தவர் வேறு. கடைசிவரை நம் கடையில்தான் வாங்கினார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. இப்போது சொல்லவும் ஆள் இல்லை.

அன்றைக்கு நான் உன்னை அடித்தது பொய் சொன்னதற்கு இல்லை, உண்மையைச் சொன்னதற்கு. அதற்குப் பிறகு நீ வீட்டில் எதையும் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. காலேஜில் ஒரு பேப்பர் போனதைக்கூட அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அழுத்தக்காரன் என்று உன்னைத்தான் திட்டினேன்.

சரி. கடையை விற்ற பணத்தில் கொஞ்சம் போஸ்ட் ஆபீஸில் சும்மா கிடக்கிறது. அம்மாவுக்கும் தெரியும், அவளும் சரி என்றுதான் சொன்னாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ கேட்க வேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் பெரியத்தை பேரன் வருகிறான். அரைக் கிலோ தூள் கொடுத்து அனுப்புகிறேன், 80-20. வறுத்த அன்றே அரைத்து வாங்கி வைக்கிறேன், எவர்சில்வர் டப்பாவில் மாற்றி இறுக்கி மூடச் சொல் உமாவிடம். தீர்ந்ததும் சொல், இன்னும் அனுப்புகிறேன். காபித்தூளை மட்டும் வெளியே வாங்காதே.

கதிர் புராஜெக்ட் நோட்டை மிஸ்ஸிடம் இன்னும் கொடுக்கவில்லை என்றால், காபிக்கு நேராகப் போட்ட தப்பை அடித்துவிட்டு, தாத்தா நடு டம்ளர் என்று சொன்னார் என்று எழுதச் சொல்.

இப்படிக்கு,
அப்பா