ஸ்பைரல் கட்டரோடு தமிழில் ஒரு தாளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பலகையின் முகத்தைச் சமமாக இழைக்கும் சர்ஃபேஸ் பிளேனரிலும், ஒரே கனத்துக்குச் சீவும் திக்னஸ் மெஷினிலும், நீளமான பிளேடுகள் பூட்டிச் சுழலும் பழைய கட்டர் பிளாக்கைக் கழற்றிவிட்டு, சிறு கார்பைடு வெட்டுத் துண்டுகள் சுருளாகப் பதித்த ஸ்பைரல் கட்டர் மாட்டும் பழக்கம் சிறு தச்சுப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் கட்டரோடு தமிழில் ஒரு குறிப்புத் தாள் வருவது அரிது. ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்க வேண்டும், எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) தாங்கும், வெட்டும் நுனிகள் சுற்றி வரும் வெட்டு வட்டத்தின் விட்டம் என்ன என்ற மூன்று விவரம் தெரியாமல் மாட்டப்படும் கட்டர், நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது கார்பைடுத் துண்டை வெளியே வீசக்கூடியது. ஆகவே விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் சில விவரங்கள்.

பழைய பிளாக்கில் இருக்கும் நீளமான ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற எஃகு) பிளேடு பலகையின் முழு அகலத்திலும் ஒரே நேரத்தில் இறங்குகிறது. வேங்கை, பலா, மகோகனி போல நார் பின்னி ஓடும் மரத்தில் குழி குழியாகப் பிய்வதும், காதைப் பிளக்கும் சத்தமும் அதனால்தான். ஸ்பைரலில் சுமார் 15 மில்லிமீட்டர் சதுரமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் கொண்ட கார்பைடு பிட்டுகள் வரிசை மாறி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். சில கட்டர்களில் பிட் நேராக நிற்கும். சிலவற்றில் சாய்வாக நிற்கும். நார் பிய்வதைக் குறைப்பது சாய்வுதான், வாங்கும்போது அதைக் கேளுங்கள். தேக்கில் இருக்கும் சிலிக்கா ஹெச்எஸ்எஸ் பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கார்பைடு பல மடங்கு நாள் தாங்கும். பழைய வீட்டு உத்திரத்தில் ஒளிந்திருக்கும் ஆணி பட்டாலும் ஒன்றிரண்டு பிட்டைத் திருப்பிப் போட்டால் போதும், நான்கு முனை இருக்கிறது.

சில பட்டறைகளில் இன்னும் சதுரக் கட்டர் பிளாக் ஓடுகிறது. அதை ஸ்பைரலுக்குக் காசு சேரும் வரைகூட விட்டுவைக்கக் கூடாது. சதுர பிளாக்கில் பிளேடுக்கும் டேபிளுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். கை வழுக்கினால் விரல் முழுதாக உள்ளே போகும். உருளை பிளாக்கில் அந்த இடைவெளி சிறியது. கையால் தள்ளி இழைக்கும் மெஷினில் உருளை கட்டர் பிளாக்கும், வெட்டும் இடத்தை முழுவதும் மூடும் பிரிட்ஜ் கார்டும் இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளிலேயே உண்டு.

இனி அளவு. '12 இஞ்ச் மெஷினுக்கு 12 இஞ்ச் கட்டர்' என்று போனில் சொல்லி வரவழைப்பதில்தான் பெரும்பாலான தவறு தொடங்குகிறது. பிளேடு நுனியோடு சேர்த்த வெட்டு வட்டம், மொத்த நீளம், இரு பக்கமும் பேரிங் உட்காரும் இடத்தின் விட்டமும் நீளமும், புல்லி துளை, சாவிக் காடி எல்லாவற்றையும் வெர்னியரில் எடுத்து எழுதிக் கொடுங்கள். பேரிங் இருக்கையை மைக்ரோமீட்டரில் பாருங்கள். பேரிங் கையாலேயே தளர்வாக நழுவி இறங்கினால் அந்த கட்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும். லாக்டைட் பசை ஊற்றியோ ஷாஃப்டைப் பன்ச் அடித்தோ சரிக்கட்டினால் ஒரு மாதத்தில் அதிர்வு வந்து நிற்கும்.

கழற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஃபியூஸையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிளேடுகள், அப்புறம் பெல்ட், கடைசியில் பேரிங்கைத் தாங்கும் ஹவுசிங்கோடு பிளாக். ஹவுசிங்கின் அடியில் தகடு வைத்திருந்தால் எது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய பேரிங்கை மறுபடி போட வேண்டாம். புதியதை உள்வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்ற வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டுகள் தடம் பதித்துவிடும். சூடாக்கி ஏற்றுவதானால், மூடிய வகை பேரிங்குக்கு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட நிதானம் தேவைப்படும் இடம் பிட் உட்காரும் குழி. கம்பெனி பூசிய துரு எண்ணெயைத் தின்னரால் துடைத்து, பிரஷ் போட்டு, காற்றடித்து, பிறகுதான் பிட்டை வைக்க வேண்டும். ஒரு துணுக்கு மரத்தூள் அடியில் சிக்கினாலும் பிட் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். பலகை நெடுக ஒரு கோடு விழும். அதைவிட மோசம், ஸ்க்ரூவை இறுக்கும்போதே கார்பைடில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கார்பைடு கடினமானது, ஆனால் வளையத் தெரியாது. கையால் ஓங்கி முறுக்குவதை விடுங்கள், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். எம்6 (6 மில்லிமீட்டர்) ஸ்க்ரூ கொண்ட பல கட்டர்களுக்கு 5.5 முதல் 6.8 நியூட்டன் மீட்டர் வரை கேட்கிறார்கள். 15 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 4 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் அளவு அது. பலர் போடும் முறுக்கு இதைப்போல இரண்டு மடங்கு. மரையில் எண்ணெய் தடவினால் அதே முறுக்கில் ஸ்க்ரூ கூடுதலாக இழுபட்டுவிடும், கம்பெனி சொல்லாமல் தடவ வேண்டாம். பிட்டில் உள்ள புள்ளி எல்லாவற்றிலும் ஒரே திசையில் இருந்தால் எந்த முனை தேய்ந்தது என்று குழப்பம் வராது.

கரண்ட் கொடுக்கும் முன் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். டேபிள் உதடு, மரத்தை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பார், சிப் பிரேக்கர் எதிலும் உரசக் கூடாது. வெட்டு வட்டம் மாறிவிட்டதால் பழைய செட்டிங் எதுவும் பொருந்தாது. சர்ஃபேஸ் பிளேனரில் பின் டேபிளின் மட்டம், உயர்ந்து நிற்கும் பிட்டின் நுனியோடு சமமாக இருக்க வேண்டும். தாழ்ந்தால் பலகையின் கடைசியில் பள்ளம் விழும், உயர்ந்தால் மரம் முட்டும். திக்னஸில் முன் ரோலர் வெட்டு வட்டத்துக்குக் கீழே சுமார் 1 மில்லிமீட்டர், பின் ரோலர் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் சரியாக இழுக்கும். ஒரு மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தி எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள்.

ஸ்பைரல் கட்டர் மோட்டாரின் சக்தியைக் கூடுதலாக இழுக்கும் என்பதையும் விற்பவர் சொல்வதில்லை. 2 ஹெச்பி மோட்டாரில் அகலப் பலகையை ஒரு முறைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம். இழைத்த முகத்தில் மெல்லிய வரிகள் தங்கும், 120ஆம் நம்பர் பேப்பர் போட்டே தீர வேண்டும். நேர் நார் மரம் மட்டும் இழைத்து, பிளேடைத் தாமே நன்றாகத் தீட்டிக்கொள்பவர்களுக்கு இது அவசியமே இல்லை. புதிதாகத் தீட்டிய பிளேடு தரும் பளபளப்பு ஸ்பைரலில் வராது.

ஐரோப்பியத் தரத்துக்குச் செய்த கட்டர்களில் உச்ச ஆர்பிஎம் பொறித்திருக்கும். கையால் தள்ளும் மெஷினுக்கு ஏற்றது என்றால் 'எம்ஏஎன்' என்ற எழுத்தும் இருக்கும். இங்கே விற்கும் எல்லாக் கட்டரிலும் இந்த இரண்டும் பொறிக்கப்பட வேண்டும். முறுக்கு அளவும் வெட்டு வட்டமும் தமிழில் அச்சிட்டு, மெஷின் உடம்பில் ஒட்டும் தாளாகவே தர வேண்டும்.

இப்படிக்கு,
மரவேலை இயந்திரப் பராமரிப்பாளர்,
கோவை.