மாத்திரை எழுதும்போதே அந்தக் கேள்வியையும் கேளுங்கள்

மனநல மருத்துவர்களுக்கும் மகளிர் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு, வணக்கம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிற, மாதவிடாயும் நின்றுவிட்ட ஒரு பெண் எழுதுகிறேன். மாத்திரை தரும்போது தாம்பத்திய ஆசையைப் பற்றியும் நீங்களே கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல், மாத்திரைக்கு எதிராக நான் எழுதவில்லை. படுக்கையை விட்டு எழவே முடியாமல் கிடந்த என்னை எழுப்பி உட்கார வைத்தது அந்த மாத்திரைதான். எழுதிக் கொடுத்தவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். தூக்கம் திரும்பியது, பசி திரும்பியது, சிரிப்பும் திரும்பியது. ஆசை மட்டும் வரவில்லை. கணவர் மேல் அன்பு குறையவில்லை. அவர் தொட்டால் உடம்பு பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தயங்கித் தயங்கி மனநல மருத்துவரிடம் சொன்னேன். “மெனோபாஸா இருக்கும், லேடி டாக்டரைப் பாருங்க” என்றார். மகளிர் மருத்துவரோ மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, “இந்த மாத்திரையாலதான் இருக்கும், அவரையே கேளுங்க” என்றார். இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸிட்டின் போன்ற, மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும் மாத்திரைகள் பலருக்கு ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப் போடும், சிலருக்கு உச்சமே இல்லாமல் செய்துவிடும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து வறண்டுபோகிறது, உறவின்போது வலிக்கிறது. வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றின் மேல் யாருக்கு ஆசை வரும்? ராத்திரி வியர்த்துக் கொட்டித் தூக்கம் கெடுவது தனி. போதாததற்கு, மனச்சோர்வே ஆசையைத் தின்னும் நோய். இத்தனையும் ஒரே உடம்பில் நடக்கும்போது எது எதனால் என்று அந்தப் பெண்ணால் தனியாகப் பிரித்தறிய முடியாது. எப்போது தொடங்கியது, மாத்திரைக்கு முன்பா பின்பா, வலியும் உண்டா, சுயமாகத் தொட்டுக்கொண்டாலும் உணர்ச்சி மங்கியிருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பில் திடீரென்று ஏறும் சூட்டுக்கும் இதே வகை மாத்திரைகளைச் சிலருக்குக் கொடுக்கிறீர்கள். 7.5 மில்லிகிராம் பராக்ஸிட்டினுக்கு 2013-இல் அமெரிக்காவில் அதற்கென்றே அனுமதி கிடைத்தது. வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் அதற்குப் பயன்படுகிறது. அளவு குறைவாக இருக்கலாம். ஆனால் சூட்டுக்கு மருந்து வாங்கிப் போகிறவருக்கு இது எந்த வகை மருந்து, என்னென்ன செய்யக்கூடும் என்று சொல்லி அனுப்ப வேண்டாமா?

‘பிரச்சினை இருந்தால் அவர்களே சொல்வார்கள்’ என்று நினைக்காதீர்கள். ஸ்பெயினில் நடந்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மாத்திரைகள் சாப்பிட்டவர்களில் தாமாக முன்வந்து பாலியல் சிக்கலைச் சொன்னவர்கள் 14 சதவீதம்தான். மருத்துவர் நேரடியாகக் கேட்டபோது அது 58 சதவீதம் ஆனது. மருந்தும் அதேதான், மனிதர்களும் அவர்களேதான். கேட்டதால் வந்த வித்தியாசம் இது. நீங்கள் கேட்காத ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு எழுந்து போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வெட்கத்தைவிடப் பெரிய ஆபத்தும் இதில் இருக்கிறது. சொல்ல முடியாதவர்கள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் தலைச்சுற்றல், மின்சாரம் தாக்கியது போன்ற அதிர்வு, எரிச்சல், தூக்கமின்மை. சில மாதங்களில் பழைய நோயே திரும்பவும் வந்து நிற்கலாம். ஒரு கேள்வியில் தடுத்திருக்கக்கூடிய விஷயம்.

வழியே இல்லை என்றால் புலம்பி என்ன பயன், பேசாமல் இருந்திருப்பேன். வழிகள் இருக்கின்றன. நோய் கட்டுக்குள் இருந்தால் அளவை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். புப்ரோபியான், மிர்டாஸபின் போன்ற வேறு மனச்சோர்வு மாத்திரைகள் இந்த விஷயத்தில் குறைவாகவே தொல்லை தருபவை. மாற்றலாமா என்று பார்க்கலாம், சிலருக்குப் புப்ரோபியானைக் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால்தான் நாங்களாகக் கேட்டு வாங்க முடியாது, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வறட்சிக்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். அதுவும் வேண்டாமென்றால் வழுவழுப்புக்கான ஜெல். மாதவிடாய் நின்றபின் ஆசை குறைந்து அதனால் மனம் வருந்தும் பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உதவும் என்று 2019-இல் உலக அளவிலான மருத்துவ அமைப்புகள் சேர்ந்து அறிக்கையே வெளியிட்டன. பெண்ணுடம்புக்கு உரிய அளவில், ரத்தப் பரிசோதனையோடு தர வேண்டிய மருந்து அது. இதில் எது எனக்குப் பொருந்தும் என்பது வேறு. இப்படியெல்லாம் இருக்கிறது என்றே யாரும் என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நானே படித்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆசை முதலில் வந்து அப்புறம்தான் நெருக்கம் என்பது எல்லோருக்கும் விதியல்ல. நீண்ட நாள் துணையோடு வாழும் பல பெண்களுக்கு நெருக்கம் தொடங்கிய பிறகே ஆசை எழும் என்று ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் 2000-இல் விளக்கியிருக்கிறார். அதைப் படித்தபிறகு வீட்டில் எங்களால் பேச முடிந்தது. எங்கே போய் முடிய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாமல் பக்கத்தில் படுத்திருக்க முடிந்தது. கணவரையும் ஒருமுறை அறைக்குள் கூப்பிட்டு நீங்கள் இதை இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால், ‘என் மேல் வெறுப்பா’ என்று அவர் உள்ளுக்குள் வெந்திருக்க மாட்டார்.

தயவுசெய்து ‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு’ என்று மட்டும் கேட்காதீர்கள். வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதுவும் சரி, அவருக்கு எந்தக் குறையும் இல்லை. வேண்டுமா வேண்டாமா என்பது அவர் சொல்ல வேண்டியது. கணவரை இழந்தவர், திருமணமே ஆகாதவர் என்று பார்த்து இந்தக் கேள்வியைத் தாண்டியும் போகாதீர்கள். அவர்களுக்கும் உடம்பு இருக்கிறது.

அப்புறம், என்னைப் போல இரண்டு பேரிடமும் வைத்தியம் பார்ப்பவர்கள் வந்தால், எங்களை அங்கும் இங்கும் அனுப்பாமல் நீங்கள் இருவரும் ஒருமுறை போனில் பேசிக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் சீட்டின் கீழே மற்றவருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
உங்கள் இருவரிடமும் வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்