கல்லறை வெட்டியவர்களின் ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எகிப்தின் லக்சர் நகரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த ‘ஒரே நாளில் லக்சர்’ சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். செங்கடல் கரையிலுள்ள ஹுர்காதாவில் விடியும் முன்பே பஸ் ஏறி, நான்கு மணி நேரம் பாலைவனம் கடந்து, கர்னாக் கோயில் பெருமண்டபத்தின் 134 தூண்களுக்கு நடுவே அண்ணாந்து கழுத்து வலித்து, நைலைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் அதே பயணத்தை நானும் என் மனைவியும் சென்ற மார்கழியில் போய் வந்தோம். கட்டுரையாளர் எழுதியதில் பெரும்பகுதி எங்கள் அனுபவமும்தான். ஒரு வரி மட்டும் உறுத்தியது. மேற்குக் கரையில் பழைய எகிப்திய அரசர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகள் அடிமைகளின் ரத்தத்தில் குடையப்பட்டவை என்கிறார். அப்படியல்ல. குடைந்தவர்கள் மாதக் கூலி வாங்கிய தொழிலாளிகள். அவர்கள் குடியிருந்த ஊரின் சுவர்கள் அதே மேற்குக் கரையில் இன்றும் நிற்கின்றன. பெயர், டெயர் எல் மெதினா.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் 31 ஆண்டுகள் கோவையில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதியவன். என்னைப் போன்ற ஒருவர் இரண்டாம் ராம்சேஸ் என்ற அரசரின் 40ஆம் ஆட்சியாண்டில் அந்த ஊரில் இருந்திருக்கிறார். யார் யார் என்றைக்கு வேலைக்கு வரவில்லை என்பதைச் சுண்ணாம்புக் கல் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார். தேதி கறுப்பு மையில், காரணம் அதற்கு மேலே சிவப்பு மையில். கண் நோய், தேள் கடி, பீர் காய்ச்சப் போனது, இறந்த உறவினரின் உடலைப் பதப்படுத்தப் போனது என்று காரணங்கள் நீள்கின்றன. அந்தக் கல் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 3,250 ஆண்டு முந்திய பதிவேடு. எங்கள் மில்லில் தேள் கடியைக்கூட நம்பியிருப்பார்கள். பீர் காய்ச்சப் போனேன் என்று எழுத எனக்குத் துணிவு வந்திருக்காது.

கூலி தானியமாகத்தான் வந்தது. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மீனும் காய்கறியும் விறகும் தனி. ஊரில் தண்ணீர் கிடையாது. கிணறு வெட்டுவோம் என்று ஐம்பது மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியும் ஊறவில்லை, கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டு வந்தார்கள். மாவரைக்க அரசு அனுப்பிய அடிமைப் பெண்களும் அங்கே இருந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. உளி பிடித்த கை அவர்களுடையது அல்ல, அவ்வளவுதான்.

இனி எங்கள் பயணம். பள்ளத்தாக்கின் பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான் பார்க்கலாம்; துட்டன்காமன் அரசரின் கல்லறைக்குத் தனி டிக்கெட். கல்லறைக்குள் நின்று வழிகாட்டி விளக்கம் சொல்ல அனுமதியில்லை. எங்கள் வழிகாட்டி வெளியே நிழலில் படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உள்ளே அனுப்பினார். மூன்றாம் ராம்சேஸ் அரசரின் கல்லறையில் நடைபாதை ஓரிடத்தில் சட்டென்று வலப்பக்கம் விலகுகிறது. அவருடைய தந்தை செத்நக்தேவின் காலத்தில் குடைந்துகொண்டே போனவர்கள் பக்கத்திலிருந்த அமென்மெஸ்ஸே என்ற முந்தைய அரசரின் கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்களாம். வேலை அப்படியே நின்றது. மகன் காலத்தில் திசையைச் சற்று மாற்றித் தொடர்ந்தார்கள். சுவர் முழுக்கத் தெய்வங்கள் இருந்தும் என் கண் அந்த வளைவை விட்டு நகரவில்லை.

இதே மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், தானியம் வந்து சேரவில்லை. “பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது” என்று தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி வந்து, மூன்றாம் துத்மோஸ் என்ற பழைய அரசரின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்குச் சொல்லியனுப்புங்கள் என்றார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். அதைக் குறித்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் இத்தாலியில் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனையும் படித்துவிட்டுப் போனவனுக்கு, நிகழ்ச்சி நிரலில் அந்த ஊர் இல்லை. அந்த இடத்தில் ‘அலபாஸ்டர் கடை, 50 நிமிடம்’ என்றிருந்தது; அலபாஸ்டர் என்ற கல்லில் செய்த ஜாடிகள் விற்கும் கடை. ஹட்செப்சுட் அரசியின் மூன்றடுக்குக் கோயிலுக்கு ஒதுக்கியதோ 40 நிமிடம்! வழிகாட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. மற்றவர்கள் கடையில் இறங்கியதும் எங்கள் இருவருக்கும் ஒரு டாக்சி பேசி அனுப்பினார். மெம்னான் சிலைகள் எனப்படும் இரண்டு பெரிய கற்சிலைகளைத் தாண்டியுள்ள அலுவலகத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனோம்.

சுற்றுமதிலுக்குள் சுமார் 70 வீடுகள். இடுப்பளவுச் சுவர்கள், ஒடுங்கிய ஒரே தெரு. மேலே சரிவில் சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறை. 1886இல் திறந்தபோது யாரும் தொட்டிராத நிலையில் இருந்ததாம். குனிந்து, செங்குத்தான படிகளில் கைபிடித்து இறங்கினால் வண்டிக்கூண்டு போல வளைந்த ஒரு சிறு அறை. மஞ்சள் நிறம் நேற்றுப் பூசியது போல இருக்கிறது. அரசர்களுக்குப் பாம்புகளும் வாயில் காவலர்களும் வரைந்த கைகள், தங்களுக்கு ஒரு வயலை வரைந்துகொண்டிருக்கின்றன. சென்னெஜெம் ஏர் பிடிக்கிறார்; மனைவி பின்னால் விதை தூவிக்கொண்டு வருகிறாள். “இவ்வளவு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டா உழுவார்கள்?” என்று என் மனைவி கேட்டார். மறுமை உலகம் அல்லவா, அங்கே அழுக்குப் படியாது என்றேன்.

கடை வாசலில் பஸ் கிளம்பும் முன் வந்து சேர்ந்துவிட்டோம். கல் ஜாடி வாங்கியவர்கள் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

சுற்றுலாப் பக்கத்தில் அடுத்த முறை லக்சர் பற்றி எழுதும்போது இந்த ஊரின் பெயரையும் சேர்த்து வெளியிடுங்கள். பணம் கட்டும் முன்பே கடைக்குப் பதிலாக அங்கே கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கலாம் என்பதையும் எழுதுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளைப் பற்றி யோசித்துக்கொள்ளட்டும். எனக்கு இரண்டு நாள் வலித்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
சிங்காநல்லூர், கோவை.