தைராய்டு மாத்திரையோடு சேரக் கூடாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் துணைசெய்யும் சத்து மாத்திரைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். என்னென்ன சாப்பிடலாம் என்று விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், எதை எப்போது சாப்பிடக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நெடுங்காலமாக மருந்தாளுநராகப் பணியாற்றும் எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது.

சுரப்புக் குறைவுக்குத் தரப்படும் தைராய்டு ஹார்மோன் மருந்தான லெவோதைராக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ பலகாரமோ எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் குடலில் அம்மருந்தோடு பிணைந்து அதை உடலில் சேரவிடாமல் தடுப்பதால், அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆனால் மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டுவைத்து, காலைக் காப்பியோடு சேர்த்து விழுங்கும் பெண்களை, அதிலும் கர்ப்பிணிகளை, அடிக்கடி பார்க்கிறேன். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் இது கூடும்) இறங்கவில்லை என்று மருந்துச் சீட்டில் 50 மைக்ரோகிராம் 75 ஆகிறது, பிறகு 100 ஆகிறது. எந்த நேரத்தில், எதனோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார் இல்லை. இரும்புச் சத்தையும் கால்சியத்தையும் நிறுத்த வேண்டியதில்லை. ஒன்றை மதியத்துக்கும் மற்றொன்றை இரவுக்கும் மாற்றிக்கொண்டாலே போதும்.

முடி வளர்ச்சிக்கென்று விற்கப்படும் பயோட்டின் என்ற வைட்டமின் விஷயம் இன்னும் கவலைக்குரியது. சுரப்புக் குறைவால் முடி கொட்டுகிறது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லாமலே பயோட்டின் வாங்குகிறார்கள். நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதுமான இச்சத்து, சில மாத்திரைகளில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. இந்த அளவு, பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையையே குழப்பி, டிஎஸ்எச்சைக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-ஐ அதிகமாகவும் காட்டிவிடக்கூடும். அந்த அறிக்கையை நம்பி மருந்தின் அளவைக் குறைத்தால் பாதிக்கப்படுபவர் நோயாளிதான். பயோட்டின் பரிசோதனை முடிவுகளைப் பிறழச் செய்யும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்திருக்கிறது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

கட்டுரை பரிந்துரைத்த, அயோடின் மிகுந்த கடற்பாசி மாத்திரைகளை நான் ஏற்க மாட்டேன். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் அயோடின், அயோடின் உப்பில் சமைக்கும் வீடுகளில் பெரும்பாலும் உணவிலேயே கிடைத்துவிடுகிறது. உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயால் சுரப்பி பழுதானவர்களுக்கு மிகையான அயோடின் கேடு செய்யக்கூடும்.

மாத்திரை நேரங்களையும், ரத்தப் பரிசோதனைக்கு முன் நிறுத்த வேண்டியவற்றையும், அகச்சுரப்பியல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.