யனாய் நகரின் தங்கமீன் விளக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் என்றாலே டோக்கியோ, கியோட்டோ என்று நின்றுவிடாமல், யமாகுச்சி மாநிலத்தின் பழைய வணிக நகரான யனாயின் தங்கமீன் வடிவக் காகித விளக்குக் கலையைப் பற்றியும் தங்கள் நாளிதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எடோ காலத்தின் (1603–1868) இறுதியில், வடக்கே அவோமோரியின் தங்கமீன் விளக்குகளால் ஈர்க்கப்பட்ட வணிகர் ஒருவர், உள்ளூர் நெசவுத் துணிக்கான சாயத்தைக் கொண்டே யனாயின் விளக்குகளை உருவாக்கினார் என்பது அவ்வூர் வழக்கு. மெல்லிய மூங்கில் சிம்புகளை வளைத்துக் கட்டிய கூட்டின்மேல் வாஷி எனும் ஜப்பானிய மரபுக் காகிதத்தை ஒட்டிச் செந்நிறம் தீட்டி, வட்டமான பெரிய கண்களையும் வரைந்துவிட்டால், மீனுக்கு உயிரே வந்துவிடுகிறது! 1984-இல் அரசின் பாதுகாப்பைப் பெற்ற, ஏறத்தாழ 200 மீட்டர் நீள வெள்ளைச் சுவர்த் தெருவில், வணிகர் வீடுகளின் இறவாரங்களில் அவை அசைந்தாடுகின்றன. ஆகஸ்ட் மாத விழாவின் படங்களோடு நிறுத்தாமல், கைவினைஞரின் செய்முறையையும் விரிவாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்