கிரான்ஃபீல்டில் பறக்கும் வகுப்பு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுக்கு அறுவை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதில் எனக்கும் நிம்மதி. நடையை மட்டும் விட்டுவிடாதே.

இங்கே செய்தி என்றால் சின்னவள் கதைதான். விமானப் பொறியியல் மாணவர்களை இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு விமான நிலையத்துக்குக் கூட்டிப்போய், நிஜமாகவே பறந்தபடி பாடம் நடத்துகிறார்கள். விமானமே ஆய்வுக்கூடம். இருக்கைக்கு இருக்கை ஒரு திரை. வேகம், உயரம், சாய்வு எல்லாம் அதில் ஓடுமாம். விமானி வேண்டுமென்றே மூக்கைத் தூக்கிவிட்டு சும்மா இருப்பார். விமானம் ஏறும், வேகம் குறையும், இறங்கும், வேகம் கூடும், மறுபடி ஏறும். கரும்பலகையில் சமன்பாடாகப் படித்ததை வயிறு விளக்கிவிடும்! இவள் எண்களைக் குறித்துக்கொண்டிருக்க, பக்கத்துப் பையன் வாந்திப் பையைத் தேடினானாம்.

பெட்ஃபோர்டுக்கும் மில்டன் கீன்ஸுக்கும் நடுவில் இருக்கிறது அந்த இடம். 1937-இல் திறந்த விமானப்படைத் தளம். முதலில் புல்தரைதான், இரண்டாம் உலகப் போர் மூண்டபின் கெட்டியான ஓடுபாதை போட்டார்கள். இரவுச் சண்டை விமானிகளுக்கு அங்கே பயிற்சி. போர் முடிந்த மறுவருஷமே, 1946-இல், விமானவியல் கல்லூரி வந்துவிட்டது. அது வளர்ந்துதான் இன்றைய கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம். விமான நிலையமும் அவர்களுக்கே சொந்தம்.

உளுந்தூர்பேட்டையில் போர்க்காலத்து ஓடுபாதை வீணாகக் கிடக்கிறதே என்று ஆதங்கப்பட்டிருந்தாய். இங்கேயும் எத்தனையோ தளங்கள் வயலாகிப் போயின. பயணிகளை மட்டும் நம்பியிருந்தால் கிரான்ஃபீல்டும் தப்பியிருக்காது. பக்கத்திலேயே லூட்டன் விமான நிலையம் இருக்கும்போது இங்கே யார் வரப்போகிறார்கள்? போர் முடிந்த மறுவருஷமே கல்லூரி வந்ததுதான் காப்பாற்றியது என்பேன். கான்கிரீட்டில் புல் முளைக்குமுன் அங்கே தினமும் பறக்கவேண்டிய வேலையுள்ளவர்கள் வந்துவிட்டார்கள்.

வேலைக்கும் பஞ்சமில்லை. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவின் விமானங்கள் தரையில் கிடந்தபோது, சாம்பலை அளக்கப் பறந்த ஆய்வு விமானத்துக்கு இதுதான் வீடு. 2020-இல் ஆறு இருக்கை விமானம் ஒன்றை ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தால் இங்கே பறக்கவிட்டார்கள். அதற்கு முன்பே, 2018-இல், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பதிலாகக் கேமராக்களும் திரைகளும் வந்துவிட்டன. எனக்கென்னவோ அதில் மனம் ஒப்பவில்லை. ஜன்னல் ஜன்னல்தானேடா?

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம், சின்னவளும் வருகிறாள். உளுந்தூர்பேட்டை ஓடுபாதையைப் பார்க்கவேண்டுமாம். உள்ளே விடுவார்களா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
ரவி